முன்பற்களின் உட்புறம்

ஓய்வுபெற்ற பல் மருத்துவன் நான். பிள்ளைகளின் உணவுப் பழக்கம் பற்களை எப்படிப் பாதிக்கிறது என்று கணக்கெடுக்க, நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளிக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணுக்கு மேல் முன்பற்களின் உட்புறம் கரைந்திருந்தது.

"தினமும் கலர் குடிப்பியா?"

"குடிக்கறதே இல்லீங்க சார்."

"பல்லு பொய் சொல்லாது சாமி," என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

உட்புறத்தை மட்டும் அரிப்பது குளிர்பானமல்ல, அடிக்கடி எடுக்கும் வாந்தி. படித்தவன்தான், அவசரத்தில் யோசிக்கவில்லை.

பொங்கலுக்கு முன் அவள் இறந்துபோனாள். பள்ளியிலிருந்து தகவல் வர, துக்கத்துக்குப் போனேன்.

"ஹாஸ்டல்ல தின்னதையெல்லாம் கக்கிக்கிட்டே இருந்திருக்குதுங்க புள்ள. கண்டு சொல்ல ஒருத்தருமில்லாமப் போயிட்டாங்க," என்றார் அவள் அப்பா.

அவளும் பொய் சொல்லவில்லை, பல்லும் பொய் சொல்லவில்லை. நான் யாரென்று அவரிடம் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.