முலாம் போன விளக்கு வளையம்

கலியனுக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்காமல், யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடத் தோதாகத்தான் குந்துவான். வளையமாதேவியில் கூலிக்குப் போன காலத்தில், வரப்பில் அவன் இரண்டு நிமிஷம் உட்கார்ந்ததை நிலத்துக்காரர் பார்த்துவிட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மழைக்காலத்தில் வீட்டு அடுப்பு பாதி நாள் எரியவில்லை. அன்று பிடித்த பயம் விடவே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் நெய்வேலிக்கு வந்து மோட்டார் ஷெட்டில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். பொறுப்பு ஒரே ஒரு கார். சுரங்கத்துப் பம்புகளைக் கவனிக்கும் இன்ஜினீயர் சோமசுந்தரத்தின் அம்பாசடர். அதைக் கழுவி, பம்பர், விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் முகம் பார்க்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும். டிரைவர் கருப்பசாமி தெற்கத்திக்காரர். ஒரு டப்பா மெழுகு பாலிஷும் பழைய பனியன் துணியும் கொடுத்து, முதலில் தண்ணீர் விட்டுக் கரித்தூளைக் கழுவு, பிறகு லேசாகத் துடை, பாலிஷ் வாரத்துக்கு இரண்டு தடவை போதும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

லேசாக என்ற சொல் கலியன் காதில் ஏறவே இல்லை. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டால் மீதி ஷிப்ட் முழுக்க என்ன செய்வது? ஷெட்டுக்கு யார் யாரோ வந்து போகிறார்கள். சும்மா இருப்பதைப் பார்த்து, ஒரு காருக்கு எதற்குத் தனி ஆள் என்று ஒருவர் கேட்டால் போச்சு. போதாக்குறைக்கு, பொங்கல் கழித்து கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், சோமசுந்தரம்தான் பெயர் எழுதித் தரவேண்டும் என்று ஒரே பேச்சு. எந்த பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று அவன் மனைவி ஆதிலட்சுமி இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே தேய்த்தான். கரித்தூள் படிந்தால் தேய்த்தான், படியாவிட்டாலும் தேய்த்தான். பாலிஷ் தீர்ந்தது. கருப்பசாமி லீவில் ஊருக்குப் போயிருந்தார். மாற்றாக வந்த டிரைவரோ வண்டியின் முன்பக்கத்தை ஏறிட்டும் பார்க்காத ஆள். கலியன் வீட்டிலிருந்து புளியும் செங்கல் தூளும் மடித்து எடுத்து வந்தான். ஆதிலட்சுமி சொம்பு துலக்குவது அதில்தான், சொம்பு தங்கமாக ஜொலிக்கும். அங்கேதான் அவன் புத்தி கெட்டது.

முதல் வாரம் கண்ணைப் பறித்தது. மூன்றாம் வாரம் இடது விளக்கு வளையத்தில் ஒரு மஞ்சள் திட்டு. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தான், பாவி. திட்டு பெரிதாயிற்று. வெள்ளை நிக்கல் முலாம் போய் உள்ளிருந்த பித்தளை பல்லை இளித்தது.  குழாய்களுக்கு அடிக்கிற வெள்ளிப் பெயிண்ட்டைப் பெயிண்டரிடம் கெஞ்சி வாங்கி வந்து பூசினான். தூரத்துக்கு நிக்கல் மாதிரியே இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடி பார்க்கத் தோன்றியது.

மறுநாள் காலை டிரைவருக்காகக் காத்திருந்த சோமசுந்தரம் அந்த விளக்கின்மேல் கையை ஊன்றினார். எடுத்தபோது உள்ளங்கை முழுக்கக் காயாத வெள்ளிப் பெயிண்ட். கையையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது யார் வேலை என்று கேட்டார்.

கலியனுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "நான்தாங்க. குந்திகினு இருந்தா இந்த ஆளு எதுக்குன்னு கேட்டுடுவீங்களோன்னு பயங்க. அதான் தேய்ச்சிகினே இருந்தேன்."

"நாள் முழுக்கவா?"

"நாள் முழுக்கங்க."

அவர் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, டிரைவர் வந்ததும் வண்டியில் ஏறிப் போய்விட்டார். அவர் திட்டாமல் போனது கலியனை இரண்டு வாரம் தின்றது. சோறு இறங்கவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டி, ஆதிலட்சுமியிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தான்.

பட்டியல் வந்தது. அவன் பெயர் இருந்தது. ஆனால் ஷெட்டில் இல்லை, சுரங்கத்துப் பம்ப் ஹவுஸில். சோமசுந்தரம் அவனை ஒரு நாற்காலியின் முன் நிறுத்தி, எதிரே பம்பின் அழுத்தம் காட்டும் மீட்டரைக் காட்டினார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மணியை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்குமுன் இருந்தவர்கள் தூங்கிவிட்டார்களாம்.

"உன்னால தூங்க முடியாது, அது எனக்குத் தெரியும். இதுல உட்காரு. முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காதே. யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது, நான் வந்தாலும்தான்."

மூன்று நாள் கலியன் நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தான். கைகள் சும்மா கிடக்காமல் வேட்டி முனையைத் திருகித் திருகிக் கந்தலாக்கின. கூலி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது திருட்டுப் போலவே இருந்தது.

நான்காம் நாள் சோமசுந்தரம் மேலதிகாரிகள் இருவரோடு உள்ளே வந்தார். அவர்கள் செருப்புச் சத்தம் கேட்டதுமே கலியனின் கால்கள் தாமாகக் கிளம்பிவிட்டன. நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துத் தன்னைக் கீழே அமுக்கினான். மூன்று பெரிய மனிதர்களும் அவன் தோளுக்குப் பின்னால் நின்றபடி பேசினார்கள்.  கண்ணில் நீர் முட்டி முள் இரண்டாகத் தெரிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் எழுந்துவிடுவான், ஆகவே எடுக்கவில்லை. அவர்கள் பேசி முடித்துப் போகும்வரை கலியன் உட்கார்ந்தே இருந்தான்.