பிள்ளைக் காம்பரா ஜன்னலில் தொங்கிய சங்கிலி

அந்தச் சங்கிலிகளை அறுத்தது நான்தான். தோட்டத்து ஆபீஸில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன், இன்றைக்கு யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். தன்னால் அறுந்துவிட்டது, பிள்ளைகள் இழுத்துப் பிய்த்துவிட்டார்கள் என்றெல்லாம் புளுக எனக்கு வராது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து, என் கையால், ஒரு ஜன்னல் விடாமல் அறுத்துப் போட்டேன்.

நான் வேலை பார்ப்பது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் தாய்மார்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறுவார்கள். சாயங்காலம் வரைக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் பால், சோறு, தூக்கம், மூக்குச் சளி எல்லாம் என் பொறுப்பு. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். நமுனுகுல மலைப் பக்கமிருந்து வரும் காற்று எலும்புக்குள் இறங்கும் என்பதால் ஜன்னலுக்கெல்லாம் பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சேலை எந்தப் பிள்ளையின் கழுத்தையும் பிடிக்கவில்லை.

போன வருடம் கொழும்பிலிருந்து யாரோ நல்ல மனதுக்காரர்கள் காம்பராவைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். சுவருக்குப் பெயிண்ட், சின்னக் கட்டில்கள், பொம்மைகள், ஜன்னலுக்கெல்லாம் பிளைண்ட். சுருட்டி ஏற்றி இறக்குகிற கனத்த துணி அது. ஏற்றி இறக்குவதற்குப் பக்கத்தில் வெள்ளை மணி கோத்த ஒரு சங்கிலி, வளையமாகக் கீழே தொங்கியது. என் இடுப்புக்கும் கீழே. அதாவது பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு.

மாட்ட வந்த பையனிடம் அன்றைக்கே கேட்டேன். "தம்பி, இது இப்படித் தொங்குனா புள்ளைங்க புடிச்சு வெளையாடுங்களே. வேற மாதிரி செய்ய முடியாதா?"

"செவுத்தோட இறுக்கிப் புடிக்கிறதுக்குக் கிளிப் இருக்குங்க அக்கா. கருங்கல்லுல ஆணி எறங்க மாட்டேங்குது. ஆபீஸ்ல சொல்லி அப்புறமா அடிச்சுக்குங்க."

கிளிப்புகளை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நான் நேரே ஆபீஸுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் காட்டினேன். காம்பரா வேலைகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. "தெறப்பு விழா முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். சரி, அதுவரைக்கும் என்று சங்கிலிகளைச் சுருட்டி மேலே தூக்கி நூலால் கட்டி வைத்தேன். விழாவுக்கு முதல் நாள் வந்து பார்த்தார் மனிதர். "என்னம்மா இது, மூட்ட கட்டித் தொங்கவிட்ட மாதிரி! ஃபோட்டோவுல எப்படி விழும்? அவுத்து விடுங்க. அவங்க பாத்துட்டுப் போற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது." அவிழ்த்துவிடச் சொன்னது அவர். இதை மறந்துவிடாதீர்கள்.

விழா என்றால் எங்கள் தோட்டங்களில் மாலை இல்லாமல் நடக்குமா? வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் கையால் மாலை போட வேண்டும் என்று உத்தரவு. அந்த வாரம் முழுக்கக் காகித மாலையை வைத்துப் பிள்ளைகளைப் பழக்கினேன். ஒருவர் மாலையைத் தூக்க, மற்றவர் தலையைக் குனிய வேண்டும்; விழுந்ததும் எல்லோரும் கைதட்ட வேண்டும். அதில் கெட்டிக்காரி என் பக்கத்து வீட்டுக்காரியின் மகள். இரண்டரை வயது, வாயாடி. தகப்பன் கொழும்பில் கடையில் நிற்கிறான், தாய் மலையில். விழாவன்று இவள் மாலை போட்டதும், கொழும்பிலிருந்து வந்த அம்மா, நம் வழக்கப்படி, அதைக் கழற்றி இவள் கழுத்திலேயே போட்டுவிட்டார். கூட்டமே கைதட்டியது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

விழா முடிந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போயும் ஆயிற்று. கிளிப் அடிக்க ஆள் எங்கே என்று கிளாக்கரிடம் போய்க் கேட்டேன். ஆள் அனுப்புகிறேன் என்றார். மறுபடியும் கேட்டேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார்.

அந்த வாரமே நடந்தது. நான் ஒரு கைக்குழந்தையை மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதே அறையில்தான், தூரத்தில் கூட இல்லை. முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் கைதட்டுகிற சத்தம். "மால! மால!" என்று ஒரு பொடிசு கத்தியது. விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். கைதட்டல் நிற்கவில்லை, ஆனால் அந்த வாயாடியின் குரல் மட்டும் இல்லை. திரும்பினேன்.

ஜன்னலோரக் கட்டிலில் ஏறி நின்று, குனிந்து, அந்த மணிச் சங்கிலியைத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் கைதட்டியதும் கட்டிலிலிருந்து இறங்கியிருக்கிறாள். கால் தரையில் எட்டவில்லை. ஒரு அழுகை இல்லை, ஒரு முனகல் இல்லை. பிள்ளைகள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயோ! கைக்குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு ஓடி, அவளைத் தூக்கிப் பிடித்து, சங்கிலியைத் தலை வழியாகக் கழற்றினேன். உதடு நீலமாக இருந்தது. முதுகைத் தேய்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்தினேன். பிறகு ஒரு நீள மூச்சு இழுத்தாள். பிறகுதான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கும் உயிர் வந்தது.

ஆட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக நின்றபோது தாய் மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாள். பிள்ளையின் கழுத்தைப் பார்த்தாள். மணி மணியாகச் சிவந்த தடம், சுற்றி முழுக்க. "அக்கா, எம்புள்ளைக்கு யாரு மால போட்டா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் விழாவில் கண்ணூறு பட்டுவிட்டது, சூடம் சுற்ற வேண்டும் என்றார்கள். கண்ணூறாம்! கண்ணூறா வந்து சங்கிலியைத் தொங்கவிட்டது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்களையும் ஏசினேன்.

பெரிய கிளாக்கரும் வந்தார். ஆட்டோவுக்குள் குனிந்து பிள்ளையின் கழுத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "நீங்க என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

நல்லா இருக்கிறது கதை! கேட்டு நடந்து என் கால் தேய்ந்தது, அவிழ்த்துவிடச் சொன்னது அவர், கடைசியில் கேள்வி எனக்கு. ஆட்டோ புறப்பட்டதும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து அறுத்ததுதான் அவருக்கு நான் சொன்ன பதில். பொதுச்சொத்தைச் சேதப்படுத்தினேன் என்று விசாரித்தார்கள். நின்று பதில் சொன்னேன். பிள்ளை பிழைத்து வந்தாள். இன்றைக்கும் யாராவது கழுத்துப் பக்கம் கை கொண்டுபோனால் இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறாள். பிளைண்டுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் மறுபடியும் சேலை கட்டினோம்.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஒரு நாள் ஹாலிஎல சந்தைக்குப் போக பஸ்ஸுக்கு இறங்கும்போது பெரிய கிளாக்கரின் குவாட்டர்ஸ் ஜன்னலைப் பார்த்தேன். அதே பிளைண்ட். புதுச் சங்கிலி, வளையமாக. உள்ளே, ஜன்னலோரக் கட்டிலில், பிரசவத்துக்கு வந்த அவர் மகளின் குழந்தை, இப்போதுதான் தவழ்கிறது, அந்தச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறது.

அடப்பாவி மனுசா! பஸ் போனால் போகட்டும் என்று படியேறிக் கதவைத் தட்டினேன். மகள்தான் திறந்தாள். "உள்ள வாங்க அக்கா" என்றாள். நான் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் ஓடிப்போய்க் குழந்தையின் கையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கி, அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்பா எங்கிட்ட ஒன்னுமே சொல்லலையே. வீணாக் கெடக்குதுன்னுதான் கொண்டாந்து மாட்டுனாரு."

அந்த நேரம் பார்த்து அவரே சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் கேட்டாள்.

"அப்பா, அந்தப் புள்ள கழுத்துல இருந்த தடத்த நீங்க பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் பேரனைப் பார்த்தார்.

"பாத்தேன்" என்றார்.

மகள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, கத்திரிக்கோல் தேட உள்ளே போனாள்.