வாத்துகள் மேல் ஒரு படையெடுப்பு

ஐம்பது வயது கடந்த நான், போன வாரம் குளியலறையில் ஒரு கரப்பான்பூச்சியைப் பார்த்து, "வீர மதராஸி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்று முழங்கினேன். பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். கரப்பான்பூச்சி அசையவில்லை.

அந்தப் போர் முழக்கம், பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பிய என் சித்தப்பாவின் சொத்து. ராணுவத்தில் மற்ற படைப்பிரிவுகள் பலதும் சாமி பேரைச் சொல்லிப் பாயும்போது, சித்தப்பாவின் மதராஸிப் படைப்பிரிவில் நம்மாட்கள் மட்டும் ஏன் நேராக வேலையைச் சொல்கிறார்கள் என்று சின்ன வயதிலேயே எனக்குக் குடைச்சல்.

"கத்தினா எதிரி ஓடிடுவானா சித்தப்பா?"

"பாக்குறியா?" என்றார்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில் மறுநாள் அறுப்பு. அறுத்து முடிந்த பக்கத்து வயலில் மேய விட்டிருந்த வாத்துகள், வரப்பேறி எங்கள் கதிரின் ஓரத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. சித்தப்பா கைலியை மடித்துக்கட்டி, ஈர வைக்கோல் வாசனைக்குள் மூச்சை இழுத்து, முழங்கிக்கொண்டே அவற்றின் பின்னாலிருந்து பாய்ந்தார். முழக்கம் பலித்தது. நூற்றுக்கணக்கான வாத்துகளும் அலறிக்கொண்டு முன்னால் ஓடின. முன்னால் இருந்தது எங்கள் வயல். விளைந்த நெல் வரிசை வரிசையாகச் சாய்ந்தது.

வரப்பில் நின்ற சித்தி கேட்டாள்: "ஏங்க, எதிரிய எந்தப் பக்கம் விரட்டணும்னு உங்க பட்டாளத்துல சொல்லித் தரலையா?"