பதினொன்றாவது பிரிவை எழுதியவர்

செவ்வாய்க்கிழமை முற்பகல், கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது லிட்டில் அந்தமானின் ஹட் பே ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. லைன் இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை ஒரு வங்காளி நர்ஸ், "மேடம் நஹீ ரஹீ, சாப்" என்றார். அரசி மேடம் போய்விட்டார் என்பது புரிந்தது. ஆனாலும் என் வாயில் முதலில் வந்தது, "கரண்ட் இருந்துச்சா?" என்ற கேள்விதான். மின்சாரம் இருந்ததாம். ஹெலிகாப்டர்தான் மேகத்தில் பாதி வழியிலேயே திரும்பிவிட்டதாம். கடல் கொந்தளிப்பால் கப்பலும் மூன்று நாட்களாக ஓடவில்லை. மாரடைப்பு வந்தவரைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவர வேறு வழியே இருக்கவில்லை.

வழக்கறிஞர் மங்கையர்க்கரசியோடு ஒரே அறையில் பதினாறு வருடம் உட்கார்ந்தவன் நான். அவரைச் சரக்குக் கப்பல் வழக்குகளில் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நனைந்த சிமெண்ட் மூட்டைகளுக்காக ஒரு வியாபாரி வழக்குப் போட்டபோது, மேடம் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக்கே போய்க் கப்பலின் அடித்தட்டுக்கே ஏணியில் இறங்கிவிட்டார். கல்லாகிப்போன மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, புடவையெல்லாம் சிமெண்ட் அப்பியிருக்க ஏறி வந்தார். "காகிதத்துல ஈரம் தெரியாது பாண்டியன்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

இங்கே திரும்பி வருவதற்கு முன் மெயின்லாண்டில் மின் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதும் வேலையில் இருந்தவர் அவர். அந்த வேலை இப்படித் திரும்பி வந்து நிற்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

போன வருடம், லிட்டில் அந்தமானுக்கு மின்சாரம் தரும் ஒரு தனியார் நிறுவனம், டீசல் வரத் தாமதமானால் முன்னறிவிப்பின்றி ஜெனரேட்டர்களை நிறுத்த ஒப்பந்தத்தில் தனக்கு உரிமை இருக்கிறது என்றது. அந்தத் தீவில் வேறு மின்சாரம் கிடையாது. ஊர்க்காரர்கள் எங்களிடம் வந்தார்கள். மேடம் ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டே வந்து, பதினொன்றாவது பிரிவில் நின்றுவிட்டார்.

"இது என் வாக்கியம்" என்றார்.

"மேடம்?"

"வேற கம்பெனிக்கு எழுதினது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சு இங்க வரைக்கும் வந்திருக்கு. கமா கூட நான் வெச்ச இடத்துலயே இருக்கு."

சும்மா இருந்துவிடுங்கள், யாருக்கும் தெரியப் போவதில்லை என்று நான் சொன்னேன். சொன்னதற்கு இன்றும் கூசுகிறேன். விசாரணையில் அவர் எழுந்து, "இந்தப் பிரிவை முதலில் எழுதியவள் நான். மெயின்லாண்டை மனதில் வைத்து எழுதினேன். அங்கே ஒரு லைன் போனால் இன்னொரு லைன் வரும். தீவில் வராது. அதை நான் யோசிக்கவில்லை" என்றார். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். எழுதியவரே தங்கள் உரிமையை ஒப்புக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு அதையும் பயன்படுத்திக்கொண்டது. அப்படியும், இறுதித் தீர்ப்பு வரை ஜெனரேட்டர்களை நிறுத்தக் கூடாதென்று இடைக்காலத் தடை கிடைத்தது. ஆனால் மேடத்தைத் தேடி வந்த கம்பெனிகள் அதன்பின் வரவில்லை. "டீக் ஹை, பரவாயில்ல, கொஞ்சம் நிம்மதியா சாப்பிடலாம்" என்று டிபன் டப்பாவைத் திறந்தார். சாப்பிடவில்லை.

இறுதி விசாரணைக்காகச் சாட்சிகளின் வாக்குமூலம் வாங்க ஹட் பே போக வேண்டியவன் நான். மகளுக்குக் கல்லூரி சேர்க்கை என்று சொன்னேன். "நீ போய்ப் புள்ளையைப் பாரு, நான் போயிட்டு வந்துடுறேன்" என்றார். நான் ஒரு பேச்சுக்குக்கூடத் தடுக்கவில்லை. நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது என்று புறப்படும் முன் சொன்னாரே என்பது, நர்ஸ் போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை கடல் அடங்கி, கப்பல் வந்தது. கப்பல்துறையில் அவர் அண்ணனும் நானும் நின்றோம். முதலில் சவப்பெட்டியை இறக்கினார்கள். பின்னால் ஒரு கப்பல் ஊழியர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய கேஸ் கட்டை நீட்டி, "யே பீ மேடம் கா ஹை" என்றார். இதுவும் மேடத்துடையதுதான். அண்ணன்தான் வாங்கி என்னிடம் கொடுத்தார். "இத எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி, நீங்க பாருங்க."

வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஆக்சிஜன் மிஷினோடு படுத்திருக்கும் ஒருவரின் மனைவி சொன்னது மேலே இருந்தது. "கரண்ட் போனா மிஷின் நிக்கும். நான் விசிறி எடுத்து வீசுவேன். அதனால ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். சும்மா இருக்க முடியாம வீசுவேன்." சட்ட மொழிக்கு மாற்றாமல் அவர் சொன்னபடியே மேடம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்.

அந்த அம்மா நேற்று எனக்குப் போன் செய்தார். "மேடம் இல்லாம கேஸ் நிக்குமா சார்?"

"நிக்கும்மா" என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. மேடத்துடைய வாதத்தில் கால்வாசிகூட எனக்கு வராது என்பது, அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை இறுதி விசாரணை. அரசி மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு பக்கம்தான். ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசிப்பேன்.