நீலத்தில் மூன்று மஞ்சள் கோடு

அம்மாவின் முதல் பின்னல் ஊசிகள் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள். கிராம சேவிகா வந்து எங்கள் தெருப் பெண்களுக்குக் கம்பளிப் பின்னல் சொல்லிக்கொடுத்தபோது மற்றவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்கள். குடவாசல் பக்கத்து வெயிலில் கம்பளிச் சட்டை யாருக்கு வேண்டும்? என் அம்மா அம்சத்துக்கு வேண்டியிருந்தது. மார்கழி பிறந்தால் அப்பாவுக்கு இழுப்பு வந்துவிடும். பனியோடு வயலுக்குப் போய் வந்தால் நெஞ்சு விசிலடிக்கும்.

மன்னார்குடிக் கடையில் மிச்சக் கட்டாகக் கருநீல நூல் கிடைத்தது. அது போதாமல் போகவே மஞ்சள் நூலை இடையில் கொடுத்துப் பின்னினாள். நெஞ்சில் மூன்று கோடு, கைகளிலும் மூன்று. பிறகு தனக்கும், எனக்கும், தங்கச்சிக்கும் அதே நீலம், அதே மஞ்சள்.

“கறுப்பு செவப்பும் இல்ல, தனிச் செவப்பும் இல்ல. இது எந்தக் கட்சிக் கொடி அம்சம்?” என்று கேட்டாள் வேம்பு அத்தை. அம்மாவின் அண்ணன் குஞ்சிதபாதத்தின் மனைவி.

“மூக்கொழுவுற கட்சி அண்ணி. அண்ணனையும் சேத்துக்கிறேன், இருங்க.”

அந்தப் பொங்கலுக்கு மாமா சீர் கொண்டுவந்தபோது, அம்மா அவருக்கும் ஒரு சட்டை பின்னி வைத்திருந்தாள். மாமா அதைப் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து காட்டினார். “மாப்புள, இனிமே பனியில நம்ம ரெண்டு பேரையும் எவனும் பிரிச்சுச் சொல்ல முடியாது” என்றார். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

சென்னையில் ஆட்சி மாறியிருந்த காலம். அறுவடைக் கூலியில் கூடுதலாக ஒரு படி நெல் கேட்டது சங்கம். பண்ணை மறுத்து வெளியூர் ஆட்களை வயலில் இறக்கியது. அப்பா தங்கையன்தான் எங்கள் தெருவில் சங்கத்தின் தலைவர். வெளியூர் ஆட்களை வரப்பில் மறித்ததில் கைகலப்பாகி, அவர்மேல் வழக்கு விழுந்தது. வக்கீலோடு நேரே கோர்ட்டுக்குப் போய்விட வேண்டும், அதற்குள் போலீஸ் கையில் சிக்கக் கூடாது என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். சிக்கினால் அடிப்பார்கள். அந்த நெஞ்சு அடி தாங்காது.

அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூங்கில் திடலில் மறைந்துகொண்டார். தினம் ஓரிடம் மாறிப் படுப்பார். விடியலில் அம்மா தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு, கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு திடலோரம் போய் நிற்பாள். குரல் கொடுக்க மாட்டாள். பனியில் முகம் தெரியாது, மஞ்சள் கோடு தெரியும். அதைப் பார்த்து அப்பா புதரிலிருந்து எழுந்து வருவார்.

ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். மாமா வந்து, “நீ படு புள்ள. கஞ்சிய நான் கொண்டுபோறேன்” என்றார்.

அம்மா வாளியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “சட்டையப் போட்டுக்கிட்டுப் போ அண்ணே. கோடு தெரியாட்டி அவரு வெளிய வரமாட்டாரு.”

அன்று காலை அப்பாவைப் பிடித்துவிட்டார்கள்.

“பின்னாலயே வந்துருக்கானுவ. எனக்கு என்ன புள்ள தெரியும்?” என்று மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மாதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். சித்திரையில் பண்ணை நிலத்தில் மூன்று மா மாமாவுக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. அதைப் பற்றித் தெருவில் பேசியவர்களோடு அம்மா சண்டைக்குப் போனாள்.

அடுத்த நடவுக்குத்தான் அப்பா திரும்பினார். சட்டை அவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“கோட்டப் பாத்தேன் அம்சம், எந்திரிச்சு வந்தேன். ரெண்டு பக்கமும் அமுக்கிட்டானுவ. அப்புறம் மச்சான் தூக்குவாளியத் தொறந்து அவனுவளுக்குக் கஞ்சி ஊத்திக் குடுத்தாரு.”

உலை வைத்த கஞ்சி யாருக்கு என்று அம்மாவுக்குத்தானே தெரியும். அப்பாவின் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

அந்தப் பொங்கலுக்கும் மாமா சீர் கொண்டுவந்தார். அம்மா வாங்கி உள்ளே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு தையிலும் அப்படித்தான். மஞ்சள் கொத்து உள்ளே போகும், மாமா வாசலோடு திரும்புவார்.

நாங்கள் படித்து வேலைக்குப் போன பிறகு, ஒரு மார்கழியில் வேம்பு அத்தை பையோடு வந்தாள். பையில் நீல நூலும் மஞ்சள் நூலும்.

“அண்ணனுக்கும் இழுப்பு வந்துட்டு அம்சம். உக்காந்தே தூங்குறாரு. பழைய சட்டை நைஞ்சு போச்சு. ஒன்னாட்டம் யாரு பின்னுவா?”

அம்மா பின்னினாள். இழை இறுக்கமாக, கழுத்துவரை மூடும்படி, குறை சொல்ல இடமில்லாமல் பின்னினாள். அத்தை வாங்க வந்தபோது மஞ்சள் நூல் பிரிக்காத கட்டாகவே பையில் கிடந்தது.

“கோடு போடலியா புள்ள?”

“கோடு எங்க வீட்டு ஆளுங்களுக்கு அண்ணி.”

போன மாதம் அம்மாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன காலையில் நல்ல பனி. அம்மாவின் கால்மாட்டில் அந்த மூன்று கோட்டுச் சட்டையைத் தங்கச்சி மடித்து வைத்திருந்தாள். மாமா பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். கோடில்லாத நீலச் சட்டை போட்டிருந்தார். நேரே அப்பாவிடம் போய்க் கைகளைப் பிடித்துக்கொண்டு, “மாப்புள” என்று விம்மினார்.

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“யாரும்மா இது?”

அப்பாவுக்குக் கண் இன்னும் நன்றாகத் தெரியும்.