அம்மாவும் மாட்டுங்காவின் பழைய கட்டில்களும்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் பாதிப் பேருக்காவது அம்மா ஒரு நாள் படுக்க இடம் கொடுத்திருப்பார்கள். எனவே அம்மாவை உங்களுக்கு நான் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. தம்பிதான் விடவில்லை. மூத்தவள் நீ, நீதான் எழுத வேண்டும் என்று தாளையும் பேனாவையும் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டான். அன்பின் வடிவம், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் எழுதினால் அம்மாவே சிரித்துவிடுவார்கள். பொறுமைக்கும் அவர்களுக்கும் ஏழாம் பொருத்தம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது வள்ளியூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கல்யாணம் முடிந்ததும் நேரே தாராவிக்கு வந்தார்கள். அப்பா அங்கே ஒரு பழைய லாரி வைத்து, வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் தொழில் செய்துவந்தார். நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மஞ்சள் காமாலை அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்து, லாரியை விற்றுவிட்டு ஊரோடு போய் இருக்கச் சொன்னார். பதினாறு கழிந்த மறுநாள் காலையில் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஆள்களை வேலை வாங்கிய அவர்களுடைய இந்தியைக் கேட்டால் கண்ணராவியாக இருக்கும். ஆனால் வேலை நடந்துவிடும்.

அந்த நாள்களில் பம்பாயின் பழைய வீடுகளிலிருந்து பலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். பார்சிக்காரர்கள், கோவாக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். நான்கு தூண் வைத்த தேக்குக் கட்டிலும், ஆளுயரக் கண்ணாடி பீரோவும், சலவைக்கல் மேசையும் அவர்களோடு கப்பலேற முடியாது. உடைத்து மரமாக எடுப்பவர்கள்தான் வந்து கேட்பார்கள். அம்மாவுக்கு மனது கேட்காது. சாமான் கட்டும்போது அந்த வீட்டுப் பெண்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தங்கள் குடும்பக் கதையெல்லாம் சொல்லி அழுவார்களாம். ஊர்க்கதை கேட்பது என்றால் அம்மாவுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. கதையையும் கேட்டுக்கொண்டு, கட்டிலையும் விலை பேசி வாங்கி, ஆண்டாப் ஹில்லில் மாமா வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் கொண்டுவந்து அடுக்கிவிடுவார்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று மாமா கேட்டால், இருக்கட்டுமே, சோறா கேட்கிறது என்பார்கள்.

தமிழர்களின் கல்யாண மண்டபங்கள் நிறைந்த மாட்டுங்காவில் ஒட்டினாற்போல இரண்டு பழைய மாடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவை ஒரு குஜராத்தி மூதாட்டிக்குச் சொந்தம். எல்லோரையும் போல நாங்களும் அவரைப் பென் என்றுதான் அழைப்போம், அக்கா என்று பொருள். அவருடைய பிள்ளைகளுக்கு வீடுகளை இடித்து பில்டரிடம் கொடுத்துவிட ஆசை. பென்னுக்கோ தான் வாழவந்த வீடு மண்ணாவதைப் பார்க்க விருப்பமில்லை. சாமான் ஏற்றப் போன அம்மா, இதை என்னிடம் கொடுங்கள், தங்கும் விடுதியாக நடத்துகிறேன் என்று கேட்டுவிட்டார்கள். பென் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அடுத்த தீபாவளிக்குள் விடுதி நன்றாக ஓட வேண்டும். ஓடினால் நீண்ட கால குத்தகை. ஓடாவிட்டால் பிள்ளைகள் இஷ்டம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. லாட்ஜ் என்றால் டியூப்லைட்டும் சன்மைக்கா ஒட்டிய கட்டிலும் என்றிருந்த காலம். அம்மா அந்த வீடுகளைச் சுரண்டச் சொன்னார்கள். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் பட்டை பட்டையாக உதிர்ந்தபோது, அடியிலிருந்து சுவரில் பதித்த பூ ஓடுகள் பச்சையும் சிவப்புமாக வெளியே வந்தன. மாடிப்படியின் மரக் கைப்பிடியை இழைத்து எண்ணெய் பூசினார்கள். சன்னலின் வண்ணக் கண்ணாடிகளில் உடைந்தவற்றுக்கு ஏற்ற துண்டு தேடிப் பழைய சாமான் கடை கடையாக அலைந்தார்கள். கடைசியாகக் கொட்டகையிலிருந்த கட்டில்களும் பீரோக்களும் வந்து சேர்ந்தன. பாலிஷ் பாய் என்று நாங்கள் அழைக்கும் பெரியவர் அவற்றை முகம் தெரியும்படி மெருகேற்றிக் கொடுத்தார்.

இங்கேதான் எங்கள் மாமி நுழைந்தார்கள். பெரிய மாமாவின் மனைவி, நல்ல மனுஷி. இறந்தவர்கள் படுத்த கட்டில் வீட்டுக்கு ஆகாது என்பது நம் பக்கத்துக் கட்டுப்பாடு. ஒருவர் போனால் அவர் படுத்த பாயைக்கூட வீட்டில் வைத்திருக்க மாட்டோமே! அம்மாவின் கட்டில்களோ எல்லாம் தலைமுறை கண்டவை. தீட்டைக் கழித்துவிடலாம் என்று மாமி, யாரிடமும் சொல்லாமல், ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை வேப்பிலைக் கொத்தால் எல்லாக் கட்டிலுக்கும் தாராளமாகத் தெளித்துவிட்டார்கள். காலையில் பார்த்தால் பாலிஷ் எல்லாம் வெண்குஷ்டம் போல வெளுத்துப்போயிருந்தது. பாய் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா மாமியைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மறுபடி பாலிஷ் போட்டோம். ஆனால் சிற்ப வேலைப்பாட்டின் இடுக்குகளில் அப்பிய மஞ்சள் அப்படியே தங்கிவிட்டது.

முதல் கல்யாண கோஷ்டி கோவில்பட்டியிலிருந்து வந்தது. பூ ஓடுகளையும் வண்ணக் கண்ணாடியையும் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அவர்களில் வயதான ஓர் அம்மாள் மட்டும் கட்டில் தலைமாட்டைத் தடவிப் பார்த்து, விரலை மோந்து பார்த்தார். மஞ்சள்! எதற்காகக் கட்டிலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா? அடுத்த நாள் காலையில் தம்பி காபி கொண்டுபோனபோது கட்டில்கள் எல்லாம் விரித்தது விரித்தபடி காலியாகக் கிடந்தன. மாப்பிள்ளை உட்பட மொத்தக் கோஷ்டியும் வராந்தாவில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுத்திருந்தது. தீட்டைப் போக்கத் தெளித்த தண்ணீரே எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? திலக் நகர், தாராவி, கல்யாண் என்று பம்பாயைச் சுற்றி எங்கெல்லாம் நம் ஆட்கள் உண்டோ அங்கெல்லாம் பேச்சு பரவியது. எங்களுக்குப் பொணக்கட்டில் ஓட்டல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மதராஸ் கம்பெனி அதிகாரிகள் சிலரும், எப்போதாவது வெள்ளைக்காரத் தம்பதிகளும் வந்து ஆசையாகத் தங்கிப் போனார்கள். அது போதாது. மாட்டுங்காவின் கல்யாணங்களுக்கு வருகிற நம் குடும்பங்கள் வந்தால்தான் விடுதி நிறையும். மழைக்காலம் முழுக்க அறைகள் காலியாகக் கிடந்தன. பென்னின் பிள்ளைகள் டேப் பிடித்து அளக்கவே ஆள் அனுப்பிவிட்டார்கள்.

பெரிய மாமா வந்து, இந்த மரத்தையெல்லாம் தள்ளிவிட்டுப் புதுக் கட்டில் வாங்கிப் போடு, எல்லாம் சரியாகிவிடும் என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அம்மா, "கட்டில்ல செத்தா, கட்டிலா கொன்னுச்சு?" என்று கேட்டார்கள். மாமா அன்று காபி குடிக்காமலே போனார்.

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கல்யாணில், ரயில்வே குடும்பம், நாங்குநேரிப் பூர்வீகம். சம்பந்தி வீட்டாரை எங்கே தங்கவைப்பது என்று பேச்சு வந்தபோது அம்மா, வேறெங்கே, நம் விடுதியில்தான் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உங்கள் கட்டிலுக்கு நான்தான் பலியா என்று அழுதேன். சொந்த மகள் கல்யாணத்துக்கே இங்கே இடம் கொடுக்காவிட்டால் ஊரார் எப்படி வருவார்கள் என்று கேட்டுவிட்டு, அம்மா தலையணை உறைகளை மாற்றப் போய்விட்டார்கள்.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். என் மாமியார் கையில் பையோடு அறை வாசலிலேயே நின்றார்கள். பையைக் கீழே வைக்கவில்லை. நானும் தம்பியும் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். 

"மயினி, ஒளிக்காம சொல்லுங்க. இந்தக் கட்டில்ல ஆரும் செத்திருக்காவளா?" என்று மாமியார் அம்மாவைக் கேட்டார்கள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவுக்கு அது வராது. "செத்திருக்காவ மயினி. இத வாங்குன வீட்டுப் பெரியவரு, தூக்கத்துலயே போயிட்டாராம்" என்றார்கள்.

என் கல்யாணம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மா நிறுத்தவில்லை.

"ஆரு செத்தான்னு எல்லாரும் கேக்கிய. ஆரு பொறந்தான்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிய. அந்தப் பெரியவரு பொறந்ததும் இதே கட்டில்லதான். அவரு பிள்ளைய அத்தன பேரும் இதுலதான் பொறந்தாவ. லாரியில ஏத்தையில அவரு மக ஒருத்தி, தல நரச்ச பொம்பள, கால்மாட்டப் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேன்னுட்டா. ஒரு சாவுக்குத் தீட்டுன்னா, இத்தன பேறுகாலத்துக்கு என்னன்னு சொல்லுவிய?"

மாமியார் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் கோபமா யோசனையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல மெதுவாகச் சொன்னார்கள். "எங்க குவார்ட்டர்ஸ்ல நார்க்கட்டில் ஒண்ணு கெடந்துச்சி. எங்க மாமியாரு அதுலதான் போனாவ. வேற கட்டில் வாங்க அன்னைக்கி வழியில்ல. அதுலதான் இவனப் பெத்தேன்."

இவன் என்றது என் மாப்பிள்ளையை. அப்புறம் பையைக் கீழே வைத்தார்கள். முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டார்கள். அம்மா வெந்நீரோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் தங்கள் பிரசவக் கதைகளைப் பேச ஆரம்பித்து, சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

மறுநாள் காலையில் மண்டபத்தில் நாதசுரம் முழங்குகிறது, மாப்பிள்ளை தயார், மாப்பிள்ளையின் அம்மாவைக் காணோம். என் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விடுதிக்கு ஓடி வந்து பார்த்தால், அவர்கள் அந்தக் கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்! முட்டி வலியில் சரியாகத் தூங்கியே வருடக்கணக்காகிறது, எழுப்புவதற்கு உங்களுக்கெல்லாம் வாய் இல்லையா என்று எல்லோரையும் ஏசிக்கொண்டே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தாலி கட்டும் நேரத்துக்கு எப்படியோ வந்துவிட்டார்கள். மாங்கல்யம் ஏறியதைவிட அந்தக் கூத்தைத்தான் ஊர் அதிகம் பேசியது.

பேச்சு எங்களைக் கெடுத்த வேகத்திலேயே எங்களைத் தூக்கியும் விட்டது. சம்பந்தியம்மா முகூர்த்தத்தை மறந்து தூங்கிய கட்டில் எது, அந்த அறையே வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அம்மாவும் வந்தவர்களுக்கெல்லாம் அந்தந்தக் கட்டிலின் கதையைச் சொன்னார்கள். சாவையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். தீபாவளிக்கு முன் பென் வந்த அன்று விடுதியில் அவர் உட்கார ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. ஒவ்வொன்றிலும் யாராவது ஓர் உறவுக்காரர். பென் மாடிப்படியில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று அம்மா அழுததை நான் பார்த்தேன். அப்பா போன பிறகு அவர்கள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு வந்தவை நல்ல வருடங்கள். தம்பி படிப்பை முடித்துவிட்டு விடுதிப் பொறுப்பை ஏற்றான். அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் மாடி ஏறி இறங்குவதை நிறுத்தவில்லை. கடைசி மாதங்களில்தான் வற்புறுத்தி விடுதியின் கீழ்த்தள அறைக்கு மாற்றினோம். அங்கே ஒரு காலை வேளையில், வாசலில் சாமான் இறங்கும் சத்தத்தைக் கேட்டு யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். தம்பி போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. துன்பப்படாமல் போனார்கள். அந்த ஆறுதல் எங்களுக்கு உண்டு.

காரியங்கள் முடிந்ததும் அந்த அறையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஊராருக்கு இத்தனை வருடம் நியாயம் சொன்ன வீட்டில், அம்மாவின் கட்டில் என்றதும் தம்பிக்கே மனம் துணியவில்லை. பூட்டிவிடலாமா என்று என்னிடம் கேட்டான். நானே பூட்டை எடுத்துக் கொடுத்தேன். சில வாரங்கள் அந்த அறை பூட்டியே கிடந்தது.

அம்மாவின் இறுதி நாள்களில் வீடு தேடி வந்து பார்த்த டாக்டருக்கும், உடனிருந்து கவனித்த பெரிய மாமாவுக்கும் மாமிக்கும், செய்தி கேட்டதும் கல்யாணிலிருந்து முதல் வண்டி பிடித்து ஓடி வந்த என் மாமியாருக்கும், அம்மாவின் கட்டிலுக்குத் தானாகவே வந்து மறுமெருகு போட்டுக் கொடுத்த பாலிஷ் பாய்க்கும், இன்றைக்கும் எங்களைத் தன் பிள்ளைகளாக நடத்தும் பென்னுக்கும், தூரம் பாராமல் வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயரைத் தம்பி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்காக வந்த ஓர் அம்மாள். மற்ற அறைகள் எல்லாம் நிறைந்துவிட்ட நாள் அது. தம்பி வேறு வழியில்லாமல் அந்தக் கீழ்த்தள அறையைத் திறந்தான். அம்மாவின் மகன் அல்லவா, மறைக்கவில்லை. "எங்க அம்மா இந்தக் கட்டில்லதான் தவறுனாவ. பூட்டியே வச்சிருந்தோம். ஒங்க மனசுக்கு ஒப்பலன்னா வேற எடம் பாத்துத் தாரேன்" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாராம், கட்டிலைப் பார்த்தாராம். பிறகு தன் பையைக் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டு, "அது கெடக்கட்டும் தம்பி. ஃபேனு ஓடுமா?" என்று கேட்டாராம்.