மரியநாயகம் ஐயாவும் சின்னக்குடாத் தண்ணீரும்

சனிக்கிழமை காலை மீன்காரர் சூசை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் மணியடிக்காமல் நின்றார். "ஐயா, மரியநாயகம் எஞ்சினியர் விடியப்புறம் மோசம் போயிட்டார்" என்றார். மின்நிலையத்தில் அவரோடு பல வருடம் வேலை செய்த எனக்கு அவருடைய சாவுச் செய்தி சின்னக்குடா மீன்காரர் வழியாகத்தான் வந்தது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், மனிதர் லேசுப்பட்டவர் அல்லர். தேநீரில் சீனி கூடினாலே முகம் சுருங்கிவிடும். துறைமுகக் கரையிலிருந்த எங்கள் மின்நிலையத்தின் டீசல் எஞ்சின்களைக் கடல் தண்ணீரால் குளிரவைத்து, சூடேறிய தண்ணீரை வாய்க்கால் வழியாகப் பக்கத்திலிருந்த சின்னக்குடாவுக்குள் விடுவோம். அவர் பொறுப்பேற்ற வருடம், கச்சான் காற்று வெக்கையை அள்ளிக் கொட்டிய ஒரு நாள், பிலோமினா அக்கா செத்து மிதந்த மீன்குஞ்சுகளைப் பனையோலைக் கடகத்தோடு கொண்டுவந்து அவருடைய மேசையில் வைத்தார். அந்தக் குடாவில் இறாலும் மீனும் பிடித்தே பிள்ளைகளை வளர்த்தவர் அவர். "தண்ணிக்குள்ள கால் வைக்க ஏலாது. நீங்களே வந்து நிண்டு பாருங்கோ" என்றார். காவலாளி அவரை வெளியே அனுப்ப ஓடிவந்தார். ஐயாவோ சப்பாத்தைக் கழற்றிவிட்டு அக்காவின் பின்னால் நடந்தார்.

அதுவரை நாங்கள் உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தோம். கடலே சூடேறிக் கிடக்கும் மாதத்திலும் அதே கணக்குத்தான். திரும்பி வந்த ஐயா என்னிடம், "மீனுக்குக் கழித்தல் கணக்குத் தெரியாது ஐசே. அதுக்குச் சூடுதான் தெரியும்" என்றார். அன்றிலிருந்து வெப்பமானி குடாவுக்குள்ளேயே இறங்கியது. அங்கே சூடு எல்லை தாண்டினால் எஞ்சின்களின் சுமையைக் குறைக்க வேண்டும், யார் ஏசினாலும் சரி. கொழும்பிலிருந்து தொலைபேசியில் நிறையவே ஏசினார்கள்.

பிறகு ஒரு கச்சான் காலத்தில் அவருடைய கோவில் திருவிழா வந்தது. சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் புனிதரின் சிலையான சுருவத்தைத் தூக்குபவர்களில் அவரும் ஒருவர். அவருடைய தகப்பனாரும் தூக்கியவர். திருவிழாவன்று பின்னேரம் கடல் தண்ணீர் இறைக்கும் எங்கள் இரண்டு பம்புகளில் ஒன்று நின்றுபோனது. தண்ணீரின் ஓட்டம் பாதியாகி, குடாவில் சூடு ஏறத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றப் பகுதிகளை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கோவில் விளக்குகளும் நிறுத்த வேண்டிய பகுதியில்தான் இருந்தன.

"ஒரு இரவுதானே ஐயா, எஞ்சின் ஓடட்டும், விடுங்கோ" என்றேன்.

"உமக்கும் எனக்கும் ஒரு இரவு. மீன்குஞ்சுகளுக்கு அதோட சரி" என்றவர், பங்குச் சுவாமியாரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "சுவாமி, இண்டைக்கு லைட் தர ஏலாது. என்ர முடிவுதான். ஏசிறதெண்டால் என்னை ஏசுங்கோ."

சுவிச்சையும் அவரே நிறுத்தினார். சுற்றுப்பிரகாரம் மெழுகுதிரி வெளிச்சத்தில் போனபோது, அவர் கையெல்லாம் எண்ணெயாகப் பம்போடு மல்லாடிக்கொண்டிருந்தார். சுருவத்துக்கு வேறொருவர் தோள் கொடுத்தார். குடாவில் மீன் மிதக்கவில்லை.

கோவிலில் ஒருவரும் அவரை நேரே ஏசவில்லை. ஆனால் அடுத்த வருடம் சுருவம் தூக்க அவரைக் கூப்பிடவில்லை. அதன்பிறகு ஒரு வருடமும் கூப்பிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் போய், சனத்தோடு சனமாகப் பின்னால் நடந்தார்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு, உவர்மலையில் அவருடைய வீட்டில் ஒருநாள் கேட்டேன்: "உங்களுக்கு அதில வருத்தமே இல்லையோ?"

"ஏன் இல்லாம? இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள நோகுது. அந்த நாள் திருப்பி வந்தாலும் நிப்பாட்டத்தான் செய்வன். அப்பவும் நோகும்."

நல்லது செய்தால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். நோகும் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். சரியென்று பட்ட ஒன்றைச் செய்துவிட்டு மனம் நோகும் வேளைகளில், பிழை விட்டுவிட்டேனோ என்று நான் இப்போது பயப்படுவதில்லை. மரியநாயகம் ஐயாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.